செய்தியில் பொடி: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பொடி வைத்துப் பேசுவது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். சொல்வது ஒன்றாக இருக்கும், உறைப்பது வேறொன்றாக இருக்கும். கேட்டால் ‘நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?’ என்று கையை விரிக்கவும் வசதி உண்டு. அலுவலகங்களில் இப்போது இதை ‘பாசிவ் அக்ரசிவ்’ என்கிறார்கள். நேரில் பேசும்போது குரலும் முகமும் பாதியைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் அது இல்லை என்பதால் கோளாறு இரண்டு பக்கமும் வருகிறது. பொடியே வைக்காத செய்தியில் பொடி தெரிகிறது. பொடி வைத்து அனுப்பியவரோ தான் ரொம்பப் பண்பாக எழுதியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கு எந்த அறிகுறி பொருந்துகிறதோ அதற்கு நேராகப் போகலாம், வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. ஆனால் எதற்குப் போனாலும் முதலில் ஒரு சோதனை: செய்தி அனுப்பியவருக்கு (அது நீங்களாகவும் இருக்கலாம்) உண்மையிலேயே மனதில் ஏதாவது குறை இருக்கிறதா? இல்லையென்றால் வார்த்தையைத் திருத்தினால் போதும். இருந்தால், வார்த்தையைத் திருத்திப் பயனில்லை. எத்தனை ‘தயவுசெய்து’ போட்டு மூடினாலும் அது வேறு இடத்தில் எட்டிப் பார்க்கும். குறையை நேராகச் சொல்ல வேண்டும், அல்லது இந்தத் தடவை போகட்டும் என்று நிஜமாகவே விட்டுவிட வேண்டும்.

அறிகுறி: சாதாரணமாகத்தான் எழுதினீர்கள், ‘என்ன, கோபமா?’ என்று பதில் வருகிறது

எழுதும்போது உங்கள் குரல் உங்கள் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. படிப்பவருக்கு அது கேட்பதில்லை. ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்டோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நேராகவும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். எதிரில் இருப்பவர் நூற்றுக்கு 78 சரியாகப் பிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் கணக்குப் போட்டார்கள். நடந்தது 56. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலே 50 வந்திருக்கும். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது எழுபதைத் தாண்டியது.

எனவே இந்த அறிகுறி வந்தால் எதிராளியைத் ‘தொட்டாற்சுருங்கி’ என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் உங்கள் செய்தியை மறுபடி பாருங்கள்.

முதலில் நீளம். செய்தி குட்டையாக இருப்பதில் தவறில்லை, வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். எப்போதும் ஒரு சொல்லில் பதில் போடுகிறவரின் ‘ம்’ யாரையும் உறுத்தாது. நாலு வரி எழுதுகிறவரிடமிருந்து வரும் ‘ம்’ உறுத்தும்.

அடுத்து முற்றுப்புள்ளி. அமெரிக்காவின் பிங்கம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 126 மாணவர்களிடம் குறுஞ்செய்தி உரையாடல்களைக் காட்டினார்கள். ஒற்றைச் சொல் பதிலின் முடிவில் புள்ளி இருந்தால் அந்தப் பதில் அவ்வளவு மனதார வந்ததாகத் தெரியவில்லை என்றார்கள் மாணவர்கள். அதே உரையாடலைக் கையெழுத்துக் குறிப்பாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் வரவில்லை. ஆய்வு அச்சானது 2016-இல். சாட்டில் ‘அனுப்பு’ பட்டனை அழுத்துவதே வாக்கியத்தை முடித்துவிடுகிறது, அதற்கு மேல் ஒரு புள்ளி வைத்தால் கதவை அறைந்து சாத்திய மாதிரி கேட்கிறது. இதற்காகப் பத்தி பத்தியாக எழுதும் மின்னஞ்சலில் புள்ளியை எடுத்துவிட வேண்டாம். ‘சரி.’ என்பதை ‘சரி’ ஆக்கினால் போதும்.

மூன்றாவது, தமிழுக்கே உரிய சிக்கல். ‘டா’ போட்டுப் பேசுகிற நண்பனுக்குத் திடீரென்று ‘நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று போனால், அந்த ‘நீங்கள்’ மரியாதையாகவா படும்? அண்ணனை ‘அண்ணே’ என்று எழுதிவந்தவர் ஒருநாள் பெயரோடு ‘அவர்களுக்கு’ சேர்த்தால் என்ன அர்த்தமோ அதே அர்த்தம்தான். பேச்சுத்தமிழிலேயே ஓடிக்கொண்டிருந்த உரையாடலில் ‘வந்துட்டேன்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வந்துவிட்டேன்’ வந்தாலும் கொஞ்சம் குளிர் அடிக்கும். மரியாதை ஏறும்போது தூரமும் ஏறுகிறது. சில நேரம் இதற்குக் காரணம் மனிதரே இல்லை. ஆங்கிலத்தில் எழுதியதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்தால் பெரும்பாலும் ‘நீங்கள்’ தான் வந்து விழும். அப்படி அனுப்புகிறவர் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

திருத்தம் எளிது: ‘அவசரத்தில் எழுதினேன், கோபம் ஒன்றுமில்லை’. இதோடு நிறுத்துங்கள். ஏன் கோபமில்லை என்று பத்து வரி விளக்கினால் கோபம் இருக்கிறது என்றே படும்.

சிரிக்கும் முகத்தைச் சேர்த்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். 1982 செப்டம்பரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் பால்மன் முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிப்புக்குறி வைக்கலாம் என்று யோசனை சொன்னதே, எது விளையாட்டு எது வினை என்று தெரியாமல் கணினி வழி அறிவிப்புப் பலகையில் குழப்பம் வந்ததால்தான். இப்போது நிலைமை தலைகீழ். உதட்டை மட்டும் லேசாக வளைத்த அந்த மஞ்சள் முகத்தையே பலர் பொடிக்கு உறையாகப் பயன்படுத்துகிறார்கள். குறை சொல்லும் வாக்கியத்தின் கடைசியில் அதை மட்டும் வைக்காதீர்கள்.

அறிகுறி: நினைவூட்டல் அனுப்பினால் வேலை நடக்கிறது, ஆனால் ஆள் முகம் கொடுப்பதில்லை

அதிகம் பொடி சேரும் இடம் இதுதான். ஒரு மாதிரிச் செய்தியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

“ஏற்கெனவே சொல்லியிருந்தேன். உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும். இந்தத் தடவையாவது வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப முடியுமா என்று பாருங்கள். மிக்க நன்றி.”

ஒரு கடுமையான சொல்கூட இல்லை. யாரிடம் காட்டினாலும் ‘நல்லபடியாகத்தானே எழுதியிருக்கிறார்’ என்பார்கள். ஆனால் பெற்றவருக்கு ஐந்து இடத்தில் குத்தும். ‘ஏற்கெனவே’ என்பது, நான் கணக்கு வைத்திருக்கிறேன் என்கிறது. ‘வேலை அதிகம் என்று தெரியும்’ என்பது, அப்படி என்ன பெரிய வேலை என்று கேட்கிறது. ‘முடியுமா என்று பாருங்கள்’ என்பது, உங்களால் முடியாது என்றே நினைக்கிறேன் என்கிறது. வேலை நடப்பதற்கு முன்பே வரும் ‘மிக்க நன்றி’, மறுக்கும் வழியை அடைக்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, தடவையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ‘ஆவது’. மூன்றே எழுத்து. இதுவரை ஒருதடவைகூட நீங்கள் ஒழுங்காகச் செய்ததில்லை என்கிற முழுக் குற்றப்பத்திரிகையும் அதற்குள் இருக்கிறது.

தமிழில் பொடி பெரும்பாலும் சொல்லில் இருப்பதில்லை, சொல்லின் வாலில் இருக்கிறது. ‘அனுப்பிவிட்டீர்களா?’ கேள்வி. ‘அனுப்பிவிட்டீர்கள் தானே?’ மிரட்டலாகிவிடலாம். ‘சொன்னேன்’ தகவல். ‘சொன்னேனே’ குத்திக்காட்டல். ‘போன் வரவில்லை’ நடந்தது. ‘ஒரு போன்கூட வரவில்லை’ வழக்கு. ‘நீங்கள் தாமதமாக வரலாம்’ அனுமதி. ‘நீங்கள் மட்டும் தாமதமாக வரலாம்’ பற்றி விளக்க வேண்டியதில்லை.

இதற்காக இந்த வால்களையெல்லாம் தடை செய்ய முடியாது. ‘நீங்கள்தான் உதவ வேண்டும்’ என்பதில் வரும் ‘தான்’ யாரையும் குத்தாது. சோதனை இதுதான்: வாலை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். தகவல் குறைந்தால் அது தேவை, திரும்ப வையுங்கள். தகவல் அப்படியே இருந்து சூடு மட்டும் குறைந்தால் அதுதான் பொடி.

அந்தச் செய்தியை இப்படி எழுதலாம்:

“அறிக்கையின் மூன்றாம் பகுதி வெள்ளிக்கிழமை மாலைக்குள் வேண்டும். சனிக்கிழமை காலை எல்லாப் பகுதிகளையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கிறது. வெள்ளிக்குள் முடியாதென்றால் புதன்கிழமை சொல்லிவிடுங்கள், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்.”

கவனித்தால் இதில் ‘தயவுசெய்து’ இல்லை, ‘நன்றி’யும் இல்லை. முன்னதைவிட இதுதான் கறாரானது. ஆனால் குத்தாது, ஏனென்றால் என்ன, எப்போது, எதற்கு என்ற மூன்றும் இருக்கின்றன, முடியாது என்று சொல்லவும் இடம் இருக்கிறது. தன்மையாக எழுதுவதையும் நேராக எழுதுவதையும் எதிரெதிராக நினைப்பதால்தான் பலர் கறாராக எழுதப் பயந்து பொடிக்குப் போகிறார்கள்.

சரி, அவர் திரும்பத் திரும்பத் தாமதம் செய்வதே உங்கள் குறை என்றால்? அதைத் தனியாக, அவருக்கு மட்டும் எழுதுங்கள்: “போன இரண்டு மாதமும் உங்கள் பகுதி கடைசி நாள் இரவில்தான் வந்தது. சரிபார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இதை எப்படி மாற்றலாம்?” நினைவூட்டலையும் மனக்குறையையும் ஒரே செய்தியில் போட்டால் இரண்டுமே கெடும்.

ஒரு வார்த்தைகூட எழுதாமல் வைக்கப்படும் பொடியும் உண்டு, மேலாளரை நகலில் சேர்ப்பது. சேர்க்கத்தான் வேண்டுமென்றால் ஏன் என்று செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்: ‘பணம் ஒதுக்குவது அவர் கையில் இருப்பதால் அவரையும் சேர்த்திருக்கிறேன்.’ அப்படிச் சொல்ல உங்களிடம் ஒரு காரணமும் இல்லையென்றால் சேர்க்காதீர்கள்.

அறிகுறி: ‘சரி’, ‘பரவாயில்லை’, ‘உங்கள் இஷ்டம்’ என்று பதில் வந்திருக்கிறது, உண்மையில் சரிதானா என்று தெரியவில்லை

மூன்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ‘சரி’ பெரும்பாலும் சரிதான், விட்டுவிடுங்கள். ‘பரவாயில்லை’ வந்தால், நீங்கள் அதற்குமுன் வருத்தம் தெரிவித்தீர்களா என்று மேலே போய்ப் பாருங்கள். தெரிவித்திருந்தால் அது வெறும் பதில். நீங்கள் எதுவும் சொல்லாமலே ‘பரவாயில்லை’ வந்திருந்தால், அங்கே ஏதோ பரவியிருக்கிறது, நீங்கள் இன்னும் கவனிக்கவில்லை. ‘உங்கள் இஷ்டம்’ பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, அதை இஷ்டத்தோடு எழுதிய ஆள் அபூர்வம்.

இப்போது ‘கோபமா?’ என்று கேட்காதீர்கள். ‘இல்லையே’ என்று பதில் வரும், அதற்கு மேல் பேச வழியிருக்காது. உணர்ச்சியைக் கேட்காமல் விஷயத்தைக் கேளுங்கள், பதில் சொல்ல இரண்டு வழி கொடுங்கள்: “ஞாயிற்றுக்கிழமை வைத்தால் உங்களுக்குச் சிரமமா? சனிக்கிழமைக்கும் மாற்ற முடியும், இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.” கடைசியில் வரும் ‘இன்னும் யாருக்கும் சொல்லவில்லை’ முக்கியம். மறுத்தாலும் வீண் சிரமம் இல்லை என்று அது சொல்கிறது.

மறுபடியும் ‘உங்கள் இஷ்டம்’ என்றே வந்தால், எழுதியபடியே எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையே வையுங்கள். மூன்றாம் தடவை கெஞ்சினால், கெஞ்சுவதுதான் முறை என்றாகிவிடும். அத்தையோ மாமனாரோ என்றால் இந்த விதி செல்லாது. அங்கே எழுத்தை விட்டுவிட்டுப் போனை எடுக்க வேண்டும்.

இந்த அறிகுறி ஒரே ஆளிடமிருந்து அடிக்கடி வந்தால், ஆளைப் பார்ப்பதற்கு முன் இடத்தைப் பாருங்கள். ‘பாசிவ் அக்ரசிவ்’ என்ற பெயர் பிரபலமானது 1945-இல் அமெரிக்கப் போர்த்துறை வெளியிட்ட மருத்துவக் குறிப்பு ஒன்றிலிருந்து. வில்லியம் மெனிங்கர் என்ற மனநல மருத்துவர் அதைத் தயாரிக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். கட்டளையை வெளிப்படையாக மறுக்காமல், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டும், வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்தும், பிடிவாதம் பிடித்தும் காலம் கடத்திய படைவீரர்களைப் பற்றிய விவரிப்பு அது. பிறகு 1952-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஒரு கோளாறாக ஏறி, 1994-இல் வந்த நான்காம் பதிப்பில் பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டது. ஆகவே ‘அவருக்குப் பாசிவ் அக்ரசிவ் வியாதி’ என்றெல்லாம் நாம் பட்டம் கட்ட வேண்டாம். ஆனால் அது படையில் தொடங்கியதை மறக்கவும் வேண்டாம். ‘முடியாது’ என்று சொன்னால் தண்டனை கிடைக்கும் இடத்தில் ஆட்கள் ‘சரி’ என்று எழுதிவிட்டு வேறு விதமாக மறுப்பார்கள். நீங்கள் மேலதிகாரியாகவோ வீட்டில் மூத்தவராகவோ இருந்தால், உங்களிடம் யாராவது கடைசியாக ‘முடியாது’ என்று சொன்னது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். நினைவுக்கு வரவில்லையென்றால் பிழை அவர்கள் செய்தியில் இல்லை.

அறிகுறி: குழுவில் பொதுவாகத்தான் எழுதினீர்கள், குழுவே அமைதியாகிவிட்டது

உங்கள் செய்தியில் ‘சிலர்’ இருக்கிறதா? “சிலருக்கு மற்றவர்கள் நேரத்தின் அருமை தெரிவதில்லை. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.” இந்த இரண்டாவது வாக்கியம், எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதேதான். முதல் வாக்கியத்தில் கொஞ்சம் சந்தேகம் இருந்தவர்களுக்கும் அது தீர்ந்துவிடும்.

ஜாடை பேசுவது பொடியாகக்கூட வேலை செய்வதில்லை என்பதுதான் என் புகார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நம்பி எழுதுகிறோம். குறுகுறுப்பது பெரும்பாலும் குற்றமே செய்யாத, எதையும் மனதில் போட்டுக்கொள்கிற நாலு பேருக்கு. தாமதமாக வந்த அந்த ஒருவர் ‘ஆமாம், சிலர் அப்படித்தான்’ என்று கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போய்விடுவார்.

விதி சொல்ல வேண்டுமென்றால் விதியாக எழுதுங்கள்: ‘கூட்டம் 10 மணிக்குத் தொடங்கும், பிந்தி வருகிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்ல மாட்டோம்.’ ஒருவருக்குச் சொல்ல வேண்டுமென்றால் அவருக்கே எழுதுங்கள். ஸ்டேட்டஸில் நம்பிக்கைத் துரோகம் பற்றித் தத்துவம் போடுவதும் இதே வகைதான். உங்களைக் குறித்ததோ என்று தோன்றும் ஸ்டேட்டஸைப் பார்த்தால், உங்கள் பெயர் இல்லாத கடிதம் உங்களுக்கானது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பாராட்டினீர்கள், எதிராளி சிரிக்கவில்லை

‘பரவாயில்லையே, நன்றாக எழுதியிருக்கிறீர்களே!’, ‘இன்றைக்கு நேரத்துக்கு வந்துவிட்டீர்கள், மழைதான் வரும்!’ பள்ளியில் வஞ்சப் புகழ்ச்சி அணி என்று படித்தோமே, அதைத் தெரியாமலே செய்கிறோம். பாராட்டுக்குள் பழைய கணக்கு வரக் கூடாது. செய்த ஒன்றைக் குறிப்பிட்டுப் பாராட்டினால் போதும்: ‘இரண்டாம் பத்தியில் கணக்கை விளக்கிய விதம் தெளிவாக இருந்தது.’

அறிகுறி: நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை

நீல டிக் என்றால் உரையாடலைத் திறந்தார் என்று மட்டும்தான் அர்த்தம். படித்தார், புரிந்தது, பதில் எழுத நேரம் இருந்தது என்பதெல்லாம் நாமாகச் சேர்ப்பது. வாட்ஸ்அப் 2014-இல் இதைக் கொண்டுவந்தது. தனி உரையாடல்களுக்கு அமைப்பில் போய் நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாமல் போகும். ‘பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறதே’ என்று எழுதாதீர்கள், தனியாக ஒரு கேள்விக்குறியும் அனுப்பாதீர்கள். எப்போதைக்குள் பதில் தேவை என்று எழுதுங்கள். அவசரமில்லையென்றால் எதுவும் எழுத வேண்டியதில்லை.

அறிகுறி: குத்தலைச் சுட்டிக்காட்டினீர்கள், ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்கிறார்

வார்த்தையை வைத்து வாதாடினால் தோற்பீர்கள். மறுக்க வசதியாகத்தானே அது எழுதப்பட்டது? ‘நீங்கள் போட்ட ஆவதுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்கப் போனால் உங்களைத்தான் இடக்குப் பிடித்தவர் என்பார்கள். அவர் மறுப்பதை ஏற்றுக்கொண்டு விஷயத்துக்கு வாருங்கள்: “சரி, நான்தான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். தாமதம் பற்றி ஏதாவது இருந்தால் நேராகவே சொல்லுங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன்.” பிறகு அவர் நேராகச் சொன்னால் நிஜமாகவே தவறாக நினைக்காதீர்கள். ஒருதடவை முகம் சுளித்தாலும் அடுத்த தடவை பொடிதான் வரும்.

பதிலுக்குப் பொடி வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைத்தால் அன்றைக்குத் திருப்தியாக இருக்கும், ஆனால் அதோடு ஆட்டத்தின் விதிகளை ஒப்புக்கொண்டதாகிவிடும். உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மூன்றாவது ஆளிடம் ‘இதைப் பாரேன்’ என்று அனுப்புவதும் அதே ஆட்டம்தான்.

அறிகுறி: அனுப்பிவிட்டீர்கள், அப்புறம்தான் உறைத்தது

முதலில் நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம், திருத்தப்பட்டது என்ற அடையாளம் மட்டும் தெரியும். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற வழக்கமாக 5 விநாடிதான் கிடைக்கும். அமைப்பில் போய் அதை 30 விநாடி ஆக்கிவைத்துக்கொள்ளுங்கள், இதைப் படித்து முடித்ததும் செய்யக்கூடிய ஒரே வேலை அதுதான். செய்தியை அழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரியைப் பார்த்ததும் எதிராளி நீங்கள் எழுதியதைவிட மோசமானதைக் கற்பனை செய்துகொள்வார்.

அவர் படித்துவிட்டார் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கேயும் வாலைக் கவனியுங்கள். ‘என் செய்தி உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்’ என்பதில் இருக்கும் ‘இருந்தால்’, புண்பட்டது உங்கள் பலவீனம் என்று சொல்லாமல் சொல்கிறது. அது மன்னிப்புக்குள் வைத்த பொடி. “காலையில் அனுப்பியது குத்தலாக இருந்தது, மன்னிக்கவும். நான் கேட்க வந்தது இதுதான்: வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாம் பகுதி கிடைக்குமா?” இவ்வளவு போதும்.

இதற்குப் பிறகும் விளக்கமும் எதிர்விளக்கமுமாகச் செய்திகள் நீண்டுகொண்டே போனால், எழுதுவதை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். பேசி முடித்ததும், யார் எதை எந்த நாளுக்குள் செய்வது என்று முடிவானதை மட்டும் ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள். பேசியதில் யார் சொன்னது சரி என்பதை அந்த வரியில் சேர்க்காதீர்கள்.